தாரா அனுப்பும் நாள்

கன்னியம்மாள் மஞ்சள் தூளை மூன்று விரலில் எடுத்து, கொதிக்கிற புளிச்சட்டிக்கு மேலே கையை நிறுத்தி வைத்திருந்தாள். போடவும் இல்லை, டப்பாவில் திரும்பக் கொட்டவும் இல்லை. விறகு ஈரம். புகை கண்ணைக் கரித்தது.

"இன்னாங்க, போடட்டா வாணாவா? வாயத் தொறந்து சொல்லுங்க. புளி சுண்டிகினு வருது."

கேட்டது தன் புருஷன் கஜபதியை. அவர் தூணில் சாய்ந்து மாட்டுக்குத் தும்பு திரித்துக்கொண்டிருந்தார். காதில் விழாதவர்போல இன்னும் நாலு முறுக்கு முறுக்கினார். பதில் சொன்னது கன்னியம்மாளின் தம்பி துளசிங்கம்.

"போடாதக்கா. இந்த வருசம் வெள்ளைச் சோறு கட்டு. பேட்டைக்காரங்க கரைக்கு வராங்க. பாக்கட்டும்."

துளசிங்கம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த வீட்டுப் பாரத்தை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொள்கிற ஆள். அவன் வீட்டுக் கூரை மூன்று வருஷமாக ஒழுகுகிறது, அது வேறு விஷயம். அக்கா மகள் சுலோச்சனாவுக்கு ஆர்.கே.பேட்டையில் நல்ல இடமாகப் பார்த்து முடித்தவனும் அவன்தான். அந்த இடம்தான் இப்போது ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டு நின்றது. உங்கள் மூத்த பிள்ளை இருக்கிறானா, இல்லையா? இருக்கிறான் என்றால் வரட்டும். இல்லை என்றால் கருமாதி ஆகட்டும். இரண்டும் இல்லாத வீட்டில் பந்தக்கால் நடமாட்டோம் என்று பேட்டைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதற்கும் மஞ்சள் தூளுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அன்றைக்குத் தாரா அனுப்பும் நாள்.

கோரைக்குப்பம் திருத்தணியிலிருந்து நாலு கல் தூரம். ஐப்பசி மழையில் அந்த ஊர் ஏரி நிரம்பினதும் வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமாகக் காட்டு வாத்துகள் வந்து இறங்கும். தாரா என்பார்கள். மாசியில் தண்ணீர் வற்றி, காற்று தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் ஒரு நாள் பொழுது சாயும்போது எழும்பிப் போய்விடும். அன்றைக்கு ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும். கூட்டம் எழும்பும்போது கரையில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே குரலாக "போயிட்டு வாங்கோ" என்று கூவுவார்கள். அப்படிக் கூப்பிட்டு அனுப்பினால்தான் அடுத்த ஐப்பசியில் தாரா வரும், தாரா வந்தால்தான் மழை வரும். மழை பெய்த பிறகுதானே தாரா வருகிறது என்று கேட்கிற புத்திசாலி அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டார் கூவக்கூடாது. மதகுக்குப் பக்கத்தில் இருக்கிற புங்கமரத்தடியில் கை கூப்பி வாய் மூடி நிற்க வேண்டும். அவர்கள் கட்டுச்சோற்றில் மஞ்சளும் கிடையாது.

"நான் இன்னா சொல்றேன்னா பாவா," துளசிங்கம் அக்கா புருஷனிடம் குரலைத் தணித்துக்கொண்டான். "நீங்க ஒண்ணியும் பேச வாணாம். மரத்தாண்ட போயி நின்னுட்டா போதும். வாயத் தொறக்காம இருக்கறது ஒரு வேலையா? பேட்டைக்காரங்க பாத்துக்குவாங்க, ஊரும் பாத்துக்கும். அஞ்சாம் நாளு கருமாதிய முடிச்சிடலாம். பங்குனியில சுலோச்சனா கழுத்துல தாலி ஏறிடும்."

"கருமாதின்ற வார்த்தைய அடுப்பாண்ட சொல்லாதடா," என்றாள் கன்னியம்மாள். "தப்பிச்சிட்டான்னு இவுரு நகரிக்குப் போயி கேட்டுகினு வந்தாரே, அது பொய்யா?"

"தப்பிச்சவன் மூணரை வருசமா எங்கக்கா குந்திகினு கீறான்? சண்டை முடிஞ்சி ஏழு மாசம் ஆவுது. அம்மையார்குப்பத்துலருந்து ரங்கூனுக்குப் போனவன் தகரப்பெட்டியோட வந்து எறங்கிட்டான். பாவாதான் ஓடிப்போயி கேட்டாரு. இன்னா சொன்னான்?"

"பாக்கலன்னான்."

"ஆங். பாக்கலன்னான்."

உள்ளே இலை துடைத்துக்கொண்டிருந்த சுலோச்சனா எழுந்து வந்தாள். "எனக்குக் கல்யாணமே வாணாம் மாமா. எங்க அண்ணன சாவடிச்சிட்டுத்தான் எனக்குப் பந்தலா?"

"யாருடி சாவடிக்கிறாங்க? வயசு பத்தொம்போது முடிஞ்சி போச்சி. பேசறா பாரு."

பின்கட்டிலிருந்து மருமகள் ஜெயம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். ரங்கூனுக்குப் போன மூத்த பிள்ளை ராஜமாணிக்கத்தின் மனைவி. அவள் குடத்தை இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மாமியாரின் விரலில் நின்றுகொண்டிருந்த மஞ்சளைப் பார்த்தாள். அந்தக் கையை மெதுவாகப் பிடித்துச் சட்டியின் மேல் உதறிவிட்டாள். அது போதாது என்று டப்பாவிலிருந்து தன் விரலால் இன்னும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள்.

"கருவேப்பிலைய கடைசியா போடுங்கத்தை, கறுத்துடும்," என்று மட்டும் சொன்னாள்.

துளசிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். கன்னியம்மாளுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. கஜபதி மட்டும் மருமகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கையில் தும்பு தாறுமாறாக முறுக்கிக் கிடந்தது. அதைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து திரித்தார்.

வெயில் தணிய நாலு மணிக்கு வண்டி பூட்டினார்கள். பெண்கள் சோற்று மூட்டையோடு வண்டியில் ஏறினார்கள். கஜபதி பின்னால் நடந்தார். மாசி மாதத்து வெயில் மத்தியானம் சுட்டுவிட்டு, சாயங்காலம் ஒன்றும் தெரியாததுபோல இருந்தது. பாதை ஓரத்து மாமரங்களில் பூ இறைந்து கிடந்தது. நவரை நெல் கதிர் வாங்கிப் பச்சையாக நின்றது. தெற்கிலிருந்து காற்று முதுகில் பட்டது. ஏரி காக்கிற நீர்க்கட்டி முனியன் நேற்றுத் தெருத் தெருவாக வந்து சொன்னது சரிதான், காற்று திரும்பிவிட்டது. வடக்கே திருத்தணி மலை வெளிறி நின்றது. நடந்தபடியே அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்ன கேட்பது என்று தெரியாததால் ஒன்றும் கேட்கவில்லை.

நகரிக்குப் போய்வந்த அந்த நாளை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

ராஜமாணிக்கம் ரங்கூனுக்குக் கப்பலேறினது நாற்பத்தொன்றாம் வருஷம் ஆனியில். மழை பொய்த்துப்போன வருஷம், ஏரி வெறும் சேறு. அரிசி மில்லில் மூட்டை தைக்கிற வேலை இருக்கிறது என்று நகரிப் பக்கத்து ஆள் ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். செங்கல்ராயுலு என்று பெயர். அதே மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக, மலை வழியாக நடந்தே கிளம்பினார்கள் என்று பேப்பரில் வந்ததை யாரோ படித்துச் சொன்னார்கள். அடுத்த ஆடியில் செங்கல்ராயுலு மட்டும் ஊர் வந்து சேர்ந்துவிட்டதாகத் திருத்தணிச் சந்தையில் பேச்சு. கஜபதி அன்றைக்கே நடந்து போனார்.

செங்கல்ராயுலு கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். கால் இரண்டும் வீங்கித் துணி சுற்றியிருந்தது. காய்ச்சலில் பல் கிட்டித்தது. இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் படுத்தான். தெலுங்கில்தான் சொன்னான்.

"மீவாடு தாரிலோ தப்பிபோயாடு."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கிற்று.

மீவாடு என்றால் உங்கள் பையன். தாரி என்றால் வழி. தப்பிபோயாடு என்பதுதான் சிக்கல். தமிழில் ஒருவன் தப்பிப் போனான் என்றால் உயிர் பிழைத்துவிட்டான். தெலுங்கில் தப்பிபோயாடு என்றால் காணாமல் போய்விட்டான், பிரிந்து போய்விட்டான். செத்தான் என்று சொல்ல வாய் கூசுகிறபோதும் அந்தப் பக்கத்தில் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். திருத்தணிச் சந்தையில் முப்பது வருஷம் கடலைக்காய் விற்ற கஜபதிக்கு இது தெரியாதா? தெரியும். இதில் எதைச் சொல்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் பெண்சாதி கொடுத்த மோரைக் குடித்தார், சொம்பைக் கவிழ்த்து வைத்தார், எழுந்து வந்துவிட்டார். கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. பிறகு கேட்கலாம் என்று நினைத்தபோது செங்கல்ராயுலு காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான்.

திரும்பி நடந்த வழி முழுக்க அந்த மூன்று வார்த்தையையே மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வாசலில் கன்னியம்மாள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். அவர் ஒரு எழுத்துக்கூடப் பொய் சொல்லவில்லை. செங்கல்ராயுலு சொன்னதை அப்படியே தெலுங்கில் சொன்னார். "தாரிலோ தப்பிபோயாடுன்னு சொன்னான்." அம்மையார்குப்பத்தில் பிறந்த, தெலுங்கு பழகாத கன்னியம்மாளின் காதில் அது தமிழாக விழுந்தது. "முருகா, எம்புள்ள தப்பிச்சிட்டானா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தேங்காய் உடைத்தாள். தெருவெல்லாம் சொன்னாள். அவர் திருத்தவில்லை.

ஜெயம்மாள் அந்த நேரம் வீட்டை ஒட்டின கொட்டிலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த வீடு நகரிக்கும் அப்பால், வீட்டுப் பேச்சே தெலுங்கு. நல்லவேளை, மாமியார் வாயால் தமிழில்தான் கேட்டாள் என்று கஜபதி நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பிலேயே மூன்றரை வருஷம் ஓட்டிவிட்டார். மருமகள் தினம் பூ வைத்தாள், பொட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளித்தாள். அவர் ஒவ்வொரு மாசியும் கரையில் நின்று ஊரில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கூவினார்.

கரை நிறைய ஜனம். மேலத்தெரு வண்டிகள் ஆலமரத்தடியில் அவிழ்த்துக் கிடந்தன. பேட்டைக்காரர்கள் நாலு பேர் வெள்ளை வேட்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தார்கள். துளசிங்கம் அவர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். புங்கமரத்தடியில் இரண்டு வீட்டார் இருந்தார்கள். தையில் பிள்ளையைப் பறிகொடுத்த ரத்தினம்மாளும் அவள் புருஷனும் ஒரு பக்கம், கிழவரை அடக்கம் செய்த குடும்பம் ஒன்று மற்றப் பக்கம்.

ஏரியில் தண்ணீர் நடுவில் மட்டும் கிடந்தது. அந்தத் தண்ணீர் தெரியாதபடி தாரா. ஊசிவால் தாரா ஒரு பக்கம், மண்நிறத் தலையும் வெள்ளைக் கழுத்துமாக. கிளுவைத் தாரா ஒரு பக்கம், சின்னதாக, ஓயாமல் சலசலத்துக்கொண்டு. தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட பெரிய வாத்துகள் பத்துப் பன்னிரண்டு ஈரமண்ணில் நடந்துகொண்டிருந்தன, நடைக்கு ஒரு அதிகாரம் இருந்தது. மற்ற நாளில் எல்லாம் தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி மேய்கிற கூட்டம், இன்றைக்கு ஒன்றும் மேயவில்லை.

முனியன் கரைச் சரிவில் குந்தியிருந்தான். ஏரித் தண்ணீருக்குக் காவல் அவன், மதகு திறப்பதும் மூடுவதும் அவன் வேலை. தாராவின் முகம் பார்த்து நாள் சொல்வதும் அவன்தான்.

"இன்னா முனியா, இன்னிக்குத்தானா?" என்று கேட்டார் கஜபதி.

"இன்னிக்குத்தான் பெரியவரே. காலையிலருந்து வாய் வைக்கல பாருங்க. குளிக்கிறதும் கோதறதுமா கீதுங்க. இறக்கையில எண்ணெ தடவிக்குதுங்க. தோ, அந்த ஆணு தலைய ஆட்டிகினு கீது பாருங்க. அது கேக்குது, போலாமான்னு. பக்கத்துல கீறதும் ஆட்டிச்சின்னா செரின்னு அர்த்தம். எல்லாம் ஆட்டற வரிக்கும் ஒண்ணும் எந்திரிக்காது."

"ஒண்ணு ரெண்டு ஒத்துக்கலன்னா?"

"காத்துகினு இருக்கும்ங்க. நேத்து முந்தாநாளு ரெண்டு தரம் எந்திரிச்சி சுத்திட்டு எறங்கிடுச்சி. எதுவோ ஒண்ணுக்கு மனசு வரல போலக்கீது."

கஜபதி கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தார். ஒரு தலை ஆடியது. பக்கத்தில் இருந்தது ஆட்டவில்லை.

சோறு பிரித்தார்கள். புளிச்சோறு மஞ்சளாக மினுங்கிற்று. காராமணிச் சுண்டலும் வேர்க்கடலைத் துவையலும் இருந்தன. கன்னியம்மாள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "எங்கூட்டு சோத்தப் பாருங்க, நெறத்தப் பாருங்க" என்று பக்கத்து வீட்டாருக்கு உருண்டை உருண்டையாகக் கொடுத்தாள். பேட்டைக்காரர்கள் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் என்னமோ பேசிக்கொண்டார்கள். துளசிங்கத்தின் முகம் சுருங்கிப்போயிற்று.

ஜெயம்மாள் நன்றாகச் சாப்பிட்டாள். கொறித்துவிட்டு எழுந்திருக்கிற பெண், அன்றைக்கு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இலையில் ஒட்டின பருக்கையை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். சுலோச்சனா சிரித்தாள்.

"இன்னா அண்ணி, பசிய மூட்ட கட்டி எடுத்தாந்தியா?"

"நல்லாக் கீது சுலோ. இன்னும் கொஞ்சம் வையி."

சாப்பிட்டு இலையை எடுத்துக்கொண்டு மதகுப் படியில் கை கழுவ இறங்கினாள். கஜபதி சொம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். அன்று மத்தியானம் அந்த மஞ்சள் சிட்டிகை சட்டியில் விழுந்தபோதே அவர் முடிவு செய்துவிட்டார். கூவுகிறதானால் இவளாவது உண்மை தெரிந்துகொண்டு கூவட்டும். தன் பொய்யின் மேல் நின்று இனியும் இவள் கூவக்கூடாது.

"ஜெயா, உங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

"சொல்லுங்க மாமா."

"நகரிக்குப் போயி வந்தேனே." சொம்பைத் தண்ணீரில் அமிழ்த்தினார், எடுத்தார், மறுபடி அமிழ்த்தினார். "அந்தாளு சொன்னது தமிழு இல்ல."

"தெரியும் மாமா."

"இன்னா தெரியும்?"

"தாரிலோ தப்பிபோயாடுன்னு சொன்னாரு. நீங்க வாசல்ல நின்னு சொல்ல சொல்ல எங்காதுல உழுந்துச்சி. மாட்டுத் தொட்டிக்கும் வாசலுக்கும் நடுவுல ஒரு தட்டிதானே? அப்பால அத்தை ஓடியாந்து என்னைக் கட்டிகினு தப்பிச்சிட்டான்டீன்னு அழுதாங்க. எங்க பெரியப்பா செத்தப்ப எங்க நைனா ஊரு ஊரா அந்த வார்த்தையத்தான் சொல்லி அனுப்பினாரு."

கஜபதி படியில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்தது தெரியவில்லை.

"அன்னிக்கே தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

ஜெயம்மாள் இலையைத் தண்ணீரில் விட்டாள். அது கொஞ்ச தூரம் போய் நாணலில் ஒதுங்கிற்று.

"காணாம போனாலும் அத்தயேதான் சொல்லுவாங்க மாமா. மொத வருசம் நானு அதையே புடிச்சிகினு கெடந்தேன். எங்கியோ வழி தப்பி நிக்கிறாரு, யாரையானா கேட்டுகினு வந்துடுவாருன்னு. அப்பால அது ஓடிப்போச்சி. ஆனா நீங்க இந்தக் கரையில நின்னு கூவறதைப் பாத்தேன். கூவிட்டு வந்து மூணு நாளு உங்களுக்குத் தொண்டை வராது, வெந்நி வெச்சிக் குடுப்பேன். இந்த மனுசன் நம்பிகினு கீறாரே, நானு பூவை எடுத்துட்டா இவுரு உழுந்துடுவாரேன்னு வெச்சிகினு இருந்தேன்."

"அய்யோ, நானு உனக்காவ கூவனேம்மா," என்றார் கஜபதி. "நீ பூ வெச்சிகினு வந்து நிப்பியே. ஒம்மூஞ்சப் பாத்துத்தான் கூவனேன்."

ஒரே வீட்டில் ஒரே உண்மையை ஆளுக்கொரு மூலையில் மறைத்து வைத்துக்கொண்டு மூன்றரை வருஷம் எதிரும் புதிருமாகச் சோறு தின்றிருக்கிறார்கள். அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு இந்தப் பெண்ணை நினைத்து நெஞ்சு தாங்கவில்லை.

"இன்னிக்கும் கூவறேன்," என்றார். "துளசிங்கம் கெடக்கறான். பேட்டைக்காரன் போனா போறான். நீ ஒரு வார்த்தை சொல்லு, உசிரு போற மாதிரி கூவறேன்."

"வாணாம் மாமா. சுலோவுக்கு வயசாவுது. அது வாய்தான் வாணாம்னுது. பேட்டைப் பையன் பேரைச் சொன்னா காது செவந்து போவுது, நானு பாக்கறேனே. நானு இப்டியே இருந்தா அதுவும் இப்டியே நிக்கும்."

"அதுக்குத்தானா மஞ்ச போட்ட?"

ஜெயம்மாள் சிரித்த மாதிரிதான் இருந்தது. "இனிமே எனக்கு யாரு மஞ்ச சோறு போடப்போறாங்க? ஆசை தீர ஒரு நாளு தின்னுக்கலாம்னு போட்டேன்." கழுத்துக் கயிற்றைத் தொட்டுக்கொண்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு நீங்க பேசணும் மாமா. நாலு பேரு சுத்தி நின்னுகினு, அழுதுகினு, வளையல ஒடைச்சி, கயித்த அறுக்கறது வாணாம். நானே அவுத்து உங்க கையில குடுத்துடறேன். நீங்க கொண்டாந்து இந்தத் தண்ணியில உடுங்க. அத்தைய யாரும் என் கழுத்தாண்ட இட்டாரக்கூடாது. அவங்க தாங்க மாட்டாங்க."

"பேசறேன்."

"துளசிங்கம் மாமா ஊரு வழக்கம்பாரு."

"அவன் கெடக்கறான், நானு பேசறேன்."

மேலே கரையில் ஆள்கள் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. முனியன் கையைத் தூக்கிவிட்டான். ஜெயம்மாள் படியேறினாள். கரை மேல் வந்ததும் தன் வீட்டார் இருந்த வலப்பக்கம் திரும்பவில்லை. இடப்பக்கம் புங்கமரத்தை நோக்கி நடந்தாள்.

"ஏய் ஜெயா, அங்க எங்கடி போற?" கன்னியம்மாள் கத்தினாள். "இங்க வாடி, எந்திரிக்குதுடி!"

ஜெயம்மாள் நின்றாள், திரும்பி மாமியாரைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். பின்னாலேயே கஜபதி நனைந்த வேட்டியோடு ஏறி வந்தார். கன்னியம்மாளின் பார்வை அவரைத் தேடிப் பிடித்தது. அவர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு அதே இடப்பக்கம் திரும்பினார்.

கன்னியம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அவள் கையில் யாருக்கோ கொடுக்க எடுத்த மஞ்சள் சோற்று உருண்டை இருந்தது. சுலோச்சனா ஓடிவந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். துளசிங்கம் வெற்றிலைத் தட்டோடு நின்றபடி நின்றான். தான் கேட்டதுதான் நடந்தது, ஆனால் அவன் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

புங்கமரத்தடியில் ரத்தினம்மாள் சற்று நகர்ந்து இடம் விட்டாள். ஜெயம்மாளும் கஜபதியும் அவள் பக்கத்தில் கை கூப்பி நின்றார்கள்.

ஏரியில் எல்லாத் தலைகளும் ஆடின. அப்புறம் ஒரு கணம் அசைவே இல்லை. பிறகு தண்ணீரே எழும்பினதுபோல அவ்வளவும் ஒன்றாக எழும்பிற்று. சிறகடிப்புச் சத்தத்தில் மரத்து இலைகள் நடுங்கின. நீர்த்துளி கரை மேல் நின்றவர்கள் முகத்தில் தெறித்தது. சிவந்த வெயிலில் ஊசிவால் கூட்டம் ஒரு வட்டம் போட்டது, கிளுவைகள் அதற்குக் கீழே இன்னொரு வட்டம். எல்லாம் கழுத்தை நீட்டித் திருத்தணி மலைப் பக்கமாகத் திரும்பின.

"போயிட்டு வாங்கோ! போயிட்டு வாங்கோ!"

கரை முழுக்க ஒரே குரல். பேட்டைக்காரர்களும் எழுந்து நின்று கூவினார்கள். கஜபதியின் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. அத்தனை வருஷப் பழக்கம். கூப்பிய கையால் வாயை அழுத்திக்கொண்டார். உள்ளே எழும்பின குரல் வெளியே வர வழியில்லாமல் தோளும் முதுகும் குலுங்கின. செங்கல்ராயுலு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினது ஞாபகம் வந்தது. அவன் அன்றைக்குச் சொல்லத்தான் சொன்னான், நான்தான் கேட்காமல் எழுந்து வந்தேன் என்று நினைத்தார்.

கூட்டம் ஒரு கோடாகி, கோடு மங்கி, மலைக்கு மேலே போயிற்று. கூவல் ஓய்ந்தது. ஜனங்கள் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார்கள். மாடுகளைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

அந்தக் கரையில் அந்த நாளில் யாரும் சொல்லாத வார்த்தை ஒன்று உண்டு. போகிறவரைப் பார்த்து, "போ" என்று மட்டும் சொல்ல யாருக்கும் வாய் வராது. ராஜமாணிக்கம் ரங்கூனுக்குக் கிளம்பின அன்றைக்கு ஜெயம்மாள் வாசற்படியில் நின்று, "போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்பினாள். கிணற்றடியிலிருந்து கஜபதியும், "போயிட்டு வா நைனா" என்று குரல் கொடுத்தார். பிள்ளையை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி எப்போதும் நைனாதான்.

ஜெயம்மாள் காலியான வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிய கையைப் பிரிக்கவில்லை.

"போங்க," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். வேறு யாருக்கும் கேட்கவில்லை. கஜபதிக்குக் கேட்டது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஏதோ மலை வழியில் பிள்ளைக்கு நடந்தது, அன்றைக்கு அந்தப் புங்கமரத்தடியில்தான் அவருக்கு நடந்தது. வாயிலிருந்து கையை எடுத்தார்.

"போ நைனா," என்றார்.